மணலில் விரித்த நாற்காலிகள்: கடற்கரைப் பொது உரிமையும் அதை அளக்கும் வகையும்

பொதுக் கடற்கரையில் வாடகைக்கு விடப்படும் சாய்வு நாற்காலியும் நிழற்குடையும் தம்மளவில் யாருக்கும் தீங்கு செய்பவை அல்ல. வெயில் கடுமையான கரையில் முதியவருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் அவை வேண்டியவை. சிக்கல் தொடங்குவது அவை விரிக்கப்படும் நேரத்தில்தான். ஒருவர் வந்து கேட்ட பிறகு விரித்துத் தரப்படும் நாற்காலி ஒரு சேவை. ஆள் வருவதற்கு முன்பே, விடிந்தும் விடியாத பொழுதில், நீர்விளிம்பை ஒட்டி வரிசை வரிசையாக விரித்து வைக்கப்படும் நாற்காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை. துண்டும் தண்ணீர் பாட்டிலுமாகப் பிறகு வருபவருக்கு அந்தக் கரையில் உட்கார உரிமை உண்டு. உட்கார இடம் இராது. சட்டம் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருக்க, உரிமை மட்டும் காலை வேளையில் கைமாறிப் போகிறது.

உலகின் பல கரைகளில் இது நடக்கிறது. மத்தியதரைக் கடலின் வடகரையில், அதிலும் கிரேக்கத்திலும் இத்தாலியிலும், இது ஓர் அரசியல் பிரச்சினையாகவே வளர்ந்திருக்கிறது. கடற்கரை எல்லாருக்கும் பொது என்ற கருத்துக்கு மிகப் பழைய சட்ட எழுத்து கிடைப்பதும் அந்தக் கடலோரத்தில்தான். நாற்காலிகள் மிக நெருங்கிக் கிடப்பதும் அங்கேதான். ஆகவே அந்த இரு நாடுகளை முதன்மையாகக் கொண்டு இந்தப் பொருளை ஆராய்வது பொருந்தும்.

உரிமையின் வேர்

கி.பி. 533இல் கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசர் ஜஸ்டினியனின் ஆணைப்படி, சட்டம் பயிலும் மாணவர்களுக்காக 'இன்ஸ்டிட்யூட்ஸ்' என்ற பாடநூல் தொகுக்கப்பட்டது. காற்று, ஓடும் நீர், கடல், கடலை ஒட்டிய கரை ஆகியவை இயற்கை நியதிப்படி மனிதர் அனைவருக்கும் பொதுவானவை என்று அது வகுத்தது. கரை எதுவரை என்ற கேள்விக்கும் அந்நூலில் விடை உண்டு: குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை எதுவரை ஏறுகிறதோ அதுவரை. கரையின் எல்லையைக் கடலே வரைகிறது என்பது இதன் உட்பொருள்.

அதே நூல் இன்னொன்றையும் அனுமதிக்கிறது. கரையில் ஒதுங்கக் குடிசை போட்டுக்கொள்ளலாம். கடலிலிருந்து வலையை இழுக்கலாம், உலர்த்தலாம். தமிழ்நாட்டு மீனவக் குப்பங்களின் மணலில் இன்றும் நடப்பவை இவையே. குடிசை நிற்கும்வரை அந்த இடம் போட்டவருடையது. குடிசை விழுந்தால் இடம் மீண்டும் பொதுவாகிவிடும் என்று ரோமானிய அறிஞர்கள் கருதினர். கரையில் எதையேனும் எழுப்ப நீதி அதிகாரியின் ஆணை பெற வேண்டும் என்று பொம்போனியஸ் என்ற சட்ட அறிஞர் சேர்த்துச் சொன்னார். பிறர் பயன்பாட்டுக்கு இடையூறு வரக் கூடாது என்பதே அந்த நிபந்தனையின் நோக்கம்.

இன்றைய நாற்காலிக் கடையின் நியாயமும் அதன் மீதான வழக்கும் இந்தப் பழைய விதிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. தற்காலிகமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வது பொது உரிமைக்கு விரோதமானது அல்ல. பொது உரிமையைப் பயன்படுத்தும் ஒரு வழி அது. துண்டு விரிப்பவரும் ஓர் இடத்தைப் பிடிக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் தன் உடல் அளவுக்குப் பிடிக்கிறார், தான் இருக்கும்வரை மட்டும் பிடிக்கிறார். ஒருவரே நூறு பேருக்கான இடத்தை, அந்த நூறு பேரும் இல்லாதபோதே பிடித்து வைப்பதை ரோமானியர் நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை. பிற்காலச் சட்டங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்றைய கிரேக்கச் சட்டம் பழைய வரையறையை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது. குடிமைச் சட்டத் தொகுப்பின் 967ஆம் பிரிவு சாலை, சதுக்கம், துறைமுகம் ஆகியவற்றோடு கடற்கரையையும் பொதுப் பயன்பாட்டுப் பொருள்களின் பட்டியலில் சேர்க்கிறது. 2001ஆம் ஆண்டின் 2971ஆம் எண் சட்டம், வழக்கமாக ஏறும் அலைகளில் மிக உயர்ந்தது நனைக்கும் நிலப்பகுதியைக் கரை என்று வரையறுத்து, அதற்குப் பின்னால் 50 மீட்டர் வரையிலான பட்டையையும் தேவைக்கேற்பப் பொதுநிலமாகக் குறிக்க இடம் தந்தது. தமிழக வருவாய் ஆவணங்களில் புறம்போக்கு என்று எழுதப்படும் நிலத்தைப் போல, அது அரசின் பெயரில் இருக்கும், பயன்பாடு எல்லாருடையது, விற்க முடியாது. ஆனால் அதன் எளிய பயன்பாட்டைக் கட்டணம் பெற்றுக்கொண்டு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவருக்குக் கொடுக்கலாம். நாற்காலியும் குடையும் வந்து அமர்ந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

இத்தாலி: நாற்காலி மதிலானது

இத்தாலியில் இந்த வரலாறு நீண்டது. கடலில் குளிப்பது உடலுக்கு மருந்து என்று ஐரோப்பிய மருத்துவர்கள் பரிந்துரைத்த காலத்தில், ஏட்ரியாட்டிக் கரையின் ரிமினி நகரில் 1843இல் முதல் குளியல் நிலையம் திறக்கப்பட்டது. வசதி படைத்தவர்களுக்கான ஏற்பாடாக இருந்த அது, இருபதாம் நூற்றாண்டில் நடுத்தர வர்க்கத்தின் கோடை வழக்கமாகப் பரவியது. உடை மாற்றும் அறை, குளியலறை, சிற்றுண்டிக் கடை, எண்ணிட்ட குடைகள், ஆண்டுதோறும் அதே வரிசையில் அதே குடையின் கீழ் வந்து உட்காரும் குடும்பங்கள் என்று ஒரு முழுப் பண்பாடே அதைச் சுற்றி அமைந்தது. அந்தப் பண்பாட்டை இழிவாகப் பேசுவதற்கு இல்லை. பல தலைமுறைகளின் கோடை நினைவுகள் அதில் இருக்கின்றன.

1942ஆம் ஆண்டின் கப்பல் போக்குவரத்துச் சட்டத் தொகுப்பு கடற்கரையை அரசின் பொதுச்சொத்தாக வைத்து, குத்தகை முறையை ஒழுங்குபடுத்தியது. குத்தகை முடியும்போது ஏற்கெனவே இருப்பவருக்கே முன்னுரிமை என்ற விதி வெகுகாலம் நீடித்தது. அதனால் குத்தகை தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது, விற்கவும் பட்டது. காலக்கெடு உள்ள அனுமதி, பரம்பரைச் சொத்தின் நடைமுறையைப் பெற்றது. சாய்வு நாற்காலியாகத் தொடங்கியது அறையாகி, வேலியாகி, சில நகரங்களில் சாலையிலிருந்து கடலையே பார்க்க முடியாத மதிலாகிவிட்டது.

சுற்றுச்சூழல் அமைப்பான லெகாம்பியென்டே திரட்டிய கணக்கின்படி 2021இல் இத்தாலியில் 12,166 குளியல் நிலையங்கள் இருந்தன. மணற்கரையில் 42.8 விழுக்காடு அவற்றின் கையிலோ, முகாம் தளம் போன்ற பிற குத்தகைகளின் கையிலோ இருந்தது. இது நாடு முழுவதற்குமான சராசரி. லிகுரியா, எமிலியா-ரொமாக்னா, காம்பானியா ஆகிய மாநிலங்களில் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. எஞ்சிய 'விடுபட்ட' கரைகளில் பல, ஓடைகள் கழிவோடு கடலில் கலக்கும் இடங்களாகவும் குளிக்கத் தடையுள்ள இடங்களாகவும் இருப்பதை அந்த அமைப்பு தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறது. எவ்வளவு கரை விடப்பட்டது என்பதோடு எந்தக் கரை விடப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வளவு இடத்துக்கும் அரசுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. எல்லாக் கடலோரக் குத்தகைகளையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 10 கோடி யூரோ. நிலையம் ஒன்றுக்குப் பத்தாயிரம் யூரோகூட வராத கணக்கு. 2021இல் குறைந்தபட்சக் கட்டணம் 2,500 யூரோ என்று உயர்த்தப்படும்வரை, சிறு குத்தகைக்கு ஆண்டு முழுவதற்கும் 400 யூரோவுக்கும் குறைவாகவே கட்டினால் போதும் என்ற நிலை இருந்தது. கோடைக்காலத்தில் முன்வரிசைக் குடை சிலவற்றின் வாடகையே அந்தத் தொகையை ஈட்டிவிடும்.

2006ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சேவைகள் நெறியாணை, எண்ணிக்கை குறைந்த இயற்கை வளத்தைத் தொழிலுக்குக் கொடுக்கும்போது வெளிப்படையான போட்டி வேண்டும் என்றது. இத்தாலிய அரசுகள் மாறி மாறி இதைத் தள்ளிப் போட்டன. தானாகப் புதுப்பிக்கும் முறை செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2018இல் நாடாளுமன்றம் குத்தகைகளை 2033வரை நீட்டியது. 2021 நவம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த நீட்டிப்பை ஒதுக்கி, 2023 இறுதியோடு குத்தகைகள் முடிய வேண்டும் என்றது. 2024 செப்டம்பரில் வந்த அவசரச் சட்டம் கெடுவை 2027 செப்டம்பர்வரை மீண்டும் தள்ளியது. அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்டு 9ஆம் நாள், தங்கள் எதிர்காலம் தெரியவில்லை என்று நிலைய உரிமையாளர்கள் காலையில் இரண்டு மணி நேரம் குடைகளை விரிக்காமல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய அச்சம் பொய்யல்ல. போட்டி ஏலம் வந்தால் பெரும் பணமுள்ள நிறுவனம் வந்து, குடும்பம் நடத்திய நிலையத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் இந்தத் தகராறு முழுவதும் நாற்காலியை யார் போடுவது என்பதைப் பற்றியது. நாற்காலி இல்லாமல் வருபவருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியை ஏலம் தானாகத் தீர்த்துவிடாது.

அந்தக் கேள்விக்கு இத்தாலியச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. நிலையத்தின் வழியாகக் கட்டணமின்றி நீர்விளிம்புக்குச் செல்லவும், அங்கே குளிக்கவும் எவரையும் அனுமதிக்க வேண்டும் என்று 2006 இறுதியில் இயற்றப்பட்ட நிதிச் சட்டம் குத்தகைதாரரைக் கட்டாயப்படுத்துகிறது. நீரை ஒட்டிய ஐந்து மீட்டர் பட்டை தடையின்றி இருக்க வேண்டும் என்பது உள்ளூர் ஆணைகளில் பரவலாகக் காணப்படும் விதி. நடந்து போகலாம், குளிக்கலாம்; ஆனால் அந்தப் பட்டையில் துண்டு விரித்து உட்காரக் கூடாது, அது எல்லாரும் கடந்து செல்லும் பாதை. அதாவது, நனையும் உரிமை இருக்கிறது. உலரும் உரிமை இல்லை.

கிரேக்கம்: துண்டு ஏந்திய ஊர்வலம்

கிரேக்கத்தின் கடலோரம் 13,000 கிலோமீட்டருக்கும் அதிகம். மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றுத் தாண்டும். 2023இல் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2010 முதல் நாட்டைப் பிடித்த கடன் நெருக்கடியில் அரசுக்கும் நகராட்சிகளுக்கும் கையில் எஞ்சியிருந்த வருமான வழிகளில் கடற்கரைக் குத்தகை ஒன்று. 2014இல் குத்தகைக்கான பரப்பளவு வரம்புகளைத் தளர்த்தும் சட்ட முன்வரைவு ஒன்று வந்து, பரவலான எதிர்ப்பால் நின்றது. சட்டத்தில் நின்றதே தவிர மணலில் நிற்கவில்லை. உரிமத்தில் எழுதிய பரப்பைவிட மிகுதியாக விரிப்பது தீவுகளில் சாதாரணமாயிற்று. உரிமமே இல்லாமல் விரித்தவர்களும் இருந்தனர்.

சைக்ளடீஸ் தீவுகளில் ஒன்றான பாரோஸில் ஜூலை மாதக் காலை ஒன்றைப் பார்த்தால் இதன் இயக்கம் விளங்கும். சூரியன் ஏறுவதற்கு முன் வேலையாள்கள் முந்தைய இரவு அடுக்கிவைத்த நாற்காலிகளை இறக்குகிறார்கள். குடைக்கம்பம் நடும் குழிகள் பருவத் தொடக்கத்திலேயே மணலில் நேர்கோட்டில் பதிக்கப்பட்டிருக்கும். கம்பம் அதில் இறங்குகிறது. ஒரு குடை, இரண்டு நாற்காலி, நடுவே ஒரு சிறு மேசை: இது ஒரு 'செட்'. மெத்தை விரித்து, எண் அட்டை மாட்டி, முன்வரிசையில் முன்பதிவு அட்டை வைத்தாயிற்று. எட்டு மணிக்குள் கரை நிரம்பிவிடுகிறது; மனிதர் ஒருவரும் இல்லை. விலை வரிசைக்கு வரிசை மாறும். கடல் தெரியும் முதல் வரிசை ஒரு செட்டுக்கு 100 யூரோவைத் தொடும் கரைகள் உண்டு. சில இடங்களில் இருக்கைக்கு வாடகை இல்லை என்று சொல்லி, இவ்வளவு தொகைக்கு உணவும் பானமும் வாங்கியே ஆக வேண்டும் என்பார்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரோ கட்டடத் தொழிலாளியோ மாலையில் குழந்தைகளோடு வந்தால், பின்னால் கிடக்கும் முட்செடிப் பகுதியில் இடம் தேட வேண்டும், அல்லது ஒரு நாள் கூலியை நாற்காலிக்குக் கொடுக்க வேண்டும்.

2023 ஜூலையில் பாரோஸ் மக்கள் சாந்தா மரியா உள்ளிட்ட கரைகளில் பதாகை ஏந்தி ஊர்வலம் சென்றார்கள். அவர்கள் செய்த முக்கியமான வேலை ஊர்வலத்துக்கு முன்பே நடந்தது. நகராட்சி வெளியிட்ட குத்தகை வரைபடங்களை எடுத்து, மேலிருந்து எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கடை எத்தனை சதுர மீட்டருக்குப் பணம் கட்டி எத்தனை சதுர மீட்டரில் பரப்பியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். மனக்குறையாக இருந்தது ஓர் அளவையாக மாறியதும் அதிகாரிகளால் அதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை. துண்டு இயக்கம் என்று செய்தித்தாள்கள் பெயரிட்ட அந்தக் கிளர்ச்சி நாக்ஸோஸ், ரோட்ஸ், கிரீட், ஹல்கிடிகி என்று சில வாரங்களில் பரவியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசு வழக்குரைஞர் அலுவலகம் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. நாடெங்கும் சோதனைகள் நடந்தன, கடைக்காரர்கள் சிலர் கைதாயினர். பாரோஸில் சோதனைக்காரர்கள் வரும் செய்தி கிடைத்ததும் நாற்காலிகள் சுருண்டு, ஒரே நாளில் மணல் தெரிந்த கரைகளும் உண்டு.

2024 மார்ச்சில் 5092ஆம் எண் சட்டம் வந்தது. ஒவ்வொரு கரையிலும் குறைந்தது பாதிப் பரப்பு குத்தகைக்கு விடப்படாமல் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் நாத்துரா 2000 பாதுகாப்புப் பகுதிகளில் 70 விழுக்காடு. குத்தகைக்கு உள்ளேயும் முழுவதையும் நாற்காலியால் நிரப்பக் கூடாது. நீர்விளிம்பிலிருந்து நான்கு மீட்டருக்குள் எதுவும் வைக்கக் கூடாது. குத்தகை பொதுவாக மின்னணு ஏலத்தின் வழியாக. மீறினால் அபராதம் 2,000 முதல் 60,000 யூரோ வரை. 198 கரைகள் 'தீண்டப்படாத கரைகள்' என்று பட்டியலிடப்பட்டு, அங்கே நாற்காலிக் குத்தகையே கூடாது என்றாயிற்று. பின்னர் அந்தப் பட்டியல் விரிவாக்கப்பட்டது. 'மைகோஸ்ட்' என்ற கைபேசிச் செயலியில் எந்தக் கரையில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதைப் பார்த்து, மீறல் இருந்தால் அங்கிருந்தே புகார் அனுப்பலாம். முதல் கோடையிலேயே ஆயிரக்கணக்கான புகார்கள் குவிந்தன. டிரோன்களும் செயற்கைக்கோள் படங்களும் சோதனையில் சேர்ந்தன.

இந்தச் சட்டத்தின் சிறப்பு விழுக்காட்டில் இல்லை. குத்தகையின் எல்லையைப் பொதுமக்கள் கையில் கொடுத்ததில் இருக்கிறது. பாரோஸ் மக்கள் பாடுபட்டுத் தேடி எடுத்த வரைபடம் இப்போது ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்கிறது.

பரப்பா, நீளமா

பாதிப் பரப்பு என்ற விதியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கரையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் அது தெரியும். மொத்தப் பரப்பு 2,000 சதுர மீட்டர். ஒரு செட்டுக்கு, நடக்கும் இடைவெளியோடு சேர்த்து, மூன்றுக்கு மூன்று மீட்டர் இடம் என்று வைத்துக்கொண்டால், நீளவாக்கில் ஒரு வரிசையில் 33 செட் நிற்கும். மூன்று வரிசைக்கு ஒன்பது மீட்டர் அகலம். பிடித்த இடம் 900 சதுர மீட்டருக்குள். முன்னால் நான்கு மீட்டர் விட்டாயிற்று. பின்னால் ஏழு மீட்டர் மிச்சம். கணக்குப்படி 55 விழுக்காடு கரை பொதுமக்களுடையது. பாதி வரம்பு மீறப்படவில்லை, நான்கு மீட்டர் விதி மீறப்படவில்லை. ஆனால் இந்த முனை முதல் அந்த முனை வரை கடலுக்கு முகம் காட்டும் மணலில் நாற்காலி இல்லாதவருக்கு ஓரடி இடம்கூட இல்லை. அவருக்குரிய 1,100 சதுர மீட்டரில் 400, எல்லாரும் நடக்கும் ஈரப் பட்டை. மீதி 700, நாற்காலிகளுக்குப் பின்னால், குடைகளின் முதுகைப் பார்த்தபடி.

கடற்கரை சாதாரண நிலத்தைப் போன்றது அல்ல. அதன் பயன் முழுவதும் ஒரு பக்கத்தில், நீர் தொடும் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அதைப் பரப்பால் மட்டும் பங்கிடுவது நியாயமான பங்கீடு ஆகாது. பிரான்ஸ் இதை முன்பே உணர்ந்தது. அங்கே 2006 மே மாத அரசாணை இயற்கைக் கடற்கரையின் பரப்பில் 80 விழுக்காடும், நீளத்தில் 80 விழுக்காடும் கட்டுமானமும் குத்தகை உபகரணமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியே கட்டாயமாக்கியது. மணல் கொட்டி உண்டாக்கிய செயற்கைக் கரைகளுக்கு இது 50 விழுக்காடு. குத்தகைதாரரின் அமைப்புகள் பொதுவாக ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பருவம் முடிந்ததும் கழற்றி எடுத்துக் கரையை வெறுமையாக்க வேண்டும். குடிசை விழுந்தால் இடம் பொதுவாகும் என்ற பழைய ரோமானிய விதியை, குடிசை விழும் தேதியைக் குறித்துக் கொடுத்து நடைமுறைப்படுத்திய ஆணை அது. மேற்சொன்ன 100 மீட்டர் கரையில் இந்த விதிப்படி நாற்காலிக்குக் கிடைப்பது 20 மீட்டர் முகப்பு. எஞ்சிய 80 மீட்டரில் துண்டு விரிப்பவர் கடலை நேராகப் பார்க்கலாம்.

நீளத்தால் அளந்தாலும் நேரத்தின் சிக்கல் தீர்வதில்லை. ஒதுக்கிய இடத்துக்குள் காலையிலேயே எல்லா நாற்காலிகளையும் விரித்து வைத்தால், பாதி காலியாகக் கிடக்கும் நாளிலும் அந்த மணல் யாருக்கும் உதவாது. ஹவாய்த் தீவான மௌவியின் விடுதிக் கரைகளில், விருந்தினர் வருமுன் நாற்காலி விரித்துவைக்கும் வழக்கம் தனி ஒரு பிரச்சினையாகவே பேசப்படுவது இதனால்தான். நாற்காலிகளைக் கரையின் பின்பக்கம் அடுக்கி வைத்து, கேட்டவருக்குக் கேட்டபோது எடுத்துப் போடுவது, வேலையாளுக்குக் கூடுதல் நடை என்றாலும், நடக்கக்கூடியதே. அப்படிச் செய்தால் கடைக்காரர் இழப்பது வாடகையை அல்ல. ஆளில்லாத நேரத்திலும் இடத்தை வைத்திருக்கும் வசதியை மட்டும். அந்த வசதிக்கு அவர் ஒருபோதும் பணம் கட்டியதில்லை. இடத்தை முன்கூட்டியே பிடிக்கும் ஆசை கடைக்காரருக்கு மட்டும் உரியதும் அல்ல. ஸ்பெயினின் கோடை நகரங்களில் பார்வையாளர்களே விடியுமுன் வந்து நாற்காலியை நட்டுவிட்டு உறங்கப் போவதும், நகராட்சிகள் அந்த ஆளில்லா நாற்காலிகளை அள்ளிச் சென்று அபராதம் விதிப்பதும் நடக்கின்றன.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கேள்வியே வேறு தளத்தில் இருக்கிறது. அங்கே சராசரி ஏற்றக் கோட்டுக்குக் கீழே உள்ள ஈர மணலை மாநிலம் மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது; அதற்கு மேலே உள்ள உலர்ந்த மணல் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். நெடுங்காலமாக மக்கள் தடையின்றிப் பயன்படுத்தி வந்த உலர்மணலில் அவர்களுக்கு வழக்காற்று உரிமை உண்டு என்று 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் டேட்டோனா பீச் வழக்கில் ஏற்றது. உள்ளாட்சிகள் அந்த உரிமையைத் தாமே அறிவிப்பதைக் கடினமாக்கி 2018இல் வந்த சட்டம், வால்டன் மாவட்டத்தில் பெரும் வழக்குகளுக்கு வழிவகுத்து, 2025இல் நீக்கப்பட்டது. தனிச்சொத்துக் கேள்வி முடிந்த கரைகளிலும் நாற்காலிக் கேள்வி மிச்சமிருக்கும் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டால் போதும்.

இந்தியக் கரையில்

ஜஸ்டினியன் நூலின் கருத்து ஆங்கில, அமெரிக்கத் தீர்ப்புகளின் வழியாக இந்தியச் சட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. இயற்கை வளங்களை அரசு மக்களின் சார்பில் பொறுப்பாளராக மட்டுமே வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அந்த வழக்கு பியாஸ் ஆற்றங்கரை பற்றியது. கடற்கரை வழியைப் பற்றிய நேரடித் தீர்ப்பு 2009 ஜனவரியில் ஃபோமென்டோ ரிசார்ட்ஸ் வழக்கில் வந்தது. கோவாவின் டோனா பாவ்லா அருகே வைங்கினிம் கடற்கரைக்குச் செல்லும் வழியை விடுதிக் கட்டடத்தின் விரிவாக்கம் அடைத்திருந்தது. விடுதிக்காக அரசு நிலம் எடுத்துக் கொடுத்தபோதே பொதுமக்களுக்குக் கடற்கரை வழி விட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அந்த நிபந்தனையைப் பொதுப் பொறுப்புக் கோட்பாட்டோடு சேர்த்து வாசித்த நீதிமன்றம், விதிமீறிய கட்டடப் பகுதியை இடிக்கும் உத்தரவை உறுதி செய்தது. அதே ஆண்டில் கோவா அரசு நிலமெடுப்புச் சட்டத்தைத் திருத்தி அந்தக் கட்டடத்தைக் காக்க முனைந்தது. தீர்ப்புக்கும் மணலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை அந்தத் திருத்தம் காட்டுகிறது.

கலங்கூட், பாகா, காந்தோலிம் கரைகளில் கோவாவுக்கே உரிய ஓர் ஏற்பாடு உண்டு. மூங்கிலும் ஓலையும் கொண்ட பருவக்காலக் குடில்களுக்குச் சுற்றுலாத் துறை குலுக்கல் முறையில் இடம் ஒதுக்குகிறது. குடிலின் முன்னால் சாய்வுக் கட்டிலும் குடையும் போட எண்ணிக்கை வரம்போடு அனுமதி உண்டு. மழைக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட வேண்டும். உள்ளூர்க்காரருக்கே ஒதுக்கீடு, பருவம் முடிந்தால் வெற்று மணல் என்ற இரண்டிலும் இந்த முறை இத்தாலியின் பரம்பரைக் குத்தகையைவிடப் பல மடங்கு மேலானது. ஆனால் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் கட்டில்கள் விரிவதும், துறை அவ்வப்போது வந்து அள்ளிச் செல்வதும், சில நாளில் அவை திரும்பி வருவதும் பாரோஸில் நடந்தவற்றிலிருந்து வேறுபட்டவை அல்ல. எந்தக் குடிலுக்கு எத்தனை கட்டில், எங்கிருந்து எங்கு வரை என்பது கரையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் குடில் வாசலில் எண்ணையும் எல்லையையும் எழுதிய ஒரு பலகையை நட்டாலே பாதிப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வரும்.

கிரேக்கத்தின் நான்கு மீட்டர் விதியை மட்டும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஏஜியன் கடலில் ஏற்றவற்றம் சில பத்து சென்டிமீட்டருக்குள் அடங்குவதால், அங்கே நீர்விளிம்பு நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். கோவாவில் உவா நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் வரை வேறுபாடு இருக்கும். சரிவு குறைந்த கரையில் நீர்விளிம்பு ஒரே நாளில் பல பத்து மீட்டர் நகரும். வற்றத்தின்போது நான்கு மீட்டர் விட்டு வைத்த கட்டில் ஏற்றத்தின்போது கடலில் நிற்கும். ஏற்றத்தின்போது சட்டப்படி வைத்த கட்டிலை, நீர் பின்வாங்கப் பின்வாங்க முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டே போகலாம். இந்தியக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் ஏற்றக் கோட்டை ஏற்கெனவே வரைபடத்தில் குறித்து வைத்திருக்கின்றன. அளவை அந்தக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும்: கோட்டுக்குக் கீழே எந்த நேரத்திலும் வாடகைக் கட்டில் கூடாது, கோட்டுக்கு மேலே, பரப்பால் அல்லாமல் கடல்முகத்தின் நீளத்தால் பங்கு பிரித்து, கேட்டவருக்கு மட்டும் விரிக்க வேண்டும்.